ஊரில் விட்டுவந்த கடனும் ஆளில்லாமல் எழுதப்படும் தீர்ப்பும்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து இங்கிலாந்து வந்திறங்கும் பலர் ஏதாவதொரு கடனை ஊரில் விட்டே வருகிறார்கள். ஓட்டோ லீசிங், வயற்செலவுக்கு வங்கியில் எடுத்தது, பயணத்துக்கென்று கைமாற்றாக வாங்கியது. வந்த முதல் மாதங்களில் வேலை சரியாக அமையாது; தவணைகள் தவறும். “வழக்குப் போட்டாலும் நான்தான் நாட்டில் இல்லையே” என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். நீங்கள் இல்லாததால் வழக்கு நிற்காது. எதிர்த்துப் பேச ஆளில்லாததால் விரைவாகத்தான் முடியும்.

மட்டக்களப்பு அல்லது கல்முனை மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் பதிவானதும், கடன் பத்திரத்தில் நீங்கள் கொடுத்த விலாசத்துக்கு அழைப்பாணை பதிவுத் தபாலில் போகும். அது கைசேராவிட்டால் பிஸ்கால் உத்தியோகத்தர் (நீதிமன்றக் கடதாசிகளை நேரில் சேர்ப்பிப்பவர்) கொண்டுவருவார். ஆளைக் காணாவிட்டால் நீதிமன்ற உத்தரவோடு வீட்டு வாசலில் ஒட்டவும் முடியும். குறித்த நாளில் நீங்களோ உங்கள் சட்டத்தரணியோ போகாவிட்டால், குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 84ஆம் பிரிவின்படி வழக்கு ஒருதலை விசாரணைக்குப் போகும். வழக்காளி சத்தியக்கடதாசியோடு தன் கணக்கை வைப்பார். நீங்கள் கட்டிய தவணை அதில் விடுபட்டிருக்கிறதா, வட்டி கூட்டிப் போடப்பட்டிருக்கிறதா என்று கேட்க அங்கே உங்கள் பக்கத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்.

அப்படி ஆளில்லாமல் தீர்ப்பு எழுதப்பட்ட பிறகும் வழி உண்டு. தீர்ப்பாணையின், அதாவது அந்தத் தீர்ப்பின்படி எழுதப்படும் நீதிமன்றக் கட்டளையின், பிரதி உங்களுக்குச் சேர்ப்பிக்கப்பட வேண்டும். சேர்ப்பித்ததிலிருந்து 14 நாட்களுக்குள், வராமல் போனதற்கு நியாயமான காரணம் காட்டி 86ஆம் பிரிவின் கீழ் விண்ணப்பிக்கலாம். காரணத்தை நீதிமன்றம் ஏற்றால் தீர்ப்பை நீக்கி உங்கள் தரப்பையும் கேட்கும். விமானச் சீட்டு, கடவுச்சீட்டு முத்திரை, இங்கத்தைய விலாசத்துக்கு வந்த கடிதங்கள் எல்லாம் அப்போது தேவைப்படும்; எறிந்துவிடாதீர்கள்.

14 நாட்கள் மிகக் குறைவு. களுவாஞ்சிக்குடி வீட்டுக்கு வந்த கடதாசியை, “பிள்ளை அங்கே கஷ்டப்படுகிறான், இதையும் ஏன் சொல்லுவான்” என்று அம்மா அலுமாரியில் வைத்துப் பூட்டினால், அந்த நாட்கள் அலுமாரிக்குள்ளேயே முடிந்துவிடும். அன்பினால்தான் மறைக்கிறார்கள், ஆனால் இழப்பு பெரிது. ஆகவே வந்த கிழமையே வீட்டாரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: பதிவுத் தபாலோ நீதிமன்றக் கடதாசியோ எது வந்தாலும் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து அன்றைக்கே அனுப்ப வேண்டும். எந்தத் தேதியில் யார் கையெழுத்து வைத்து வாங்கினார் என்பதையும் எழுத வேண்டும்.

இங்கிருந்தபடியே ஊர்ச் சட்டத்தரணியை அமர்த்தலாம். லண்டனிலுள்ள இலங்கை உயர் ஸ்தானிகராலயத்தில் அத்தாட்சிப்படுத்திய அற்றோணித் தத்துவத்தை (உங்களுக்குப் பதிலாகச் செயற்பட அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தை) அக்காவுக்கோ தம்பிக்கோ அனுப்பினால், அவர் உங்களுக்காகக் காரியம் பார்க்கலாம். பின்னால் வரப்போகும் உறவினர்களிடம் புறப்படுமுன்பே ஊர் நொத்தாரிசிடம் அதை எழுதிவிடச் சொல்லுங்கள்.

வங்கிக் கடன் என்றால் இன்னும் கடுமை. 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் கீழ் வங்கி தொடக்கத்திலேயே இடைக்காலத் தீர்ப்பாணை பெறலாம். எதிர்வாதம் செய்வதற்கே நீங்கள் நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்க வேண்டியிருக்கும்.

தீர்ப்பாணையை 10 ஆண்டுகள் வரை நிறைவேற்றக் கேட்கலாம். படுவான்கரையில் உங்கள் பெயரில் வயல் இருந்தால் அதைக் கைப்பற்றி ஏலத்தில் விற்க முடியும். எங்கள் பக்கத்தில் வீடு பெரும்பாலும் சீதனமாக மனைவியின் பெயரில் எழுதப்பட்டிருக்கும். கணவரின் கடனுக்காக மட்டும் அந்த வீட்டைத் தொட முடியாது. மனைவியும் பிணையாகவோ ஈடாகவோ கையெழுத்திட்டிருந்தால் முடியும். என்ன கையெழுத்திட்டார் என்பதை இன்றைக்கே கேட்டு அறியுங்கள்.

எனக்கு மிகவும் நோகிற இடம் பிணையாளி. உங்களை நம்பிக் கையெழுத்து வைத்த ஆசிரியரோ மச்சானோ ஊரிலேயே இருக்கிறார். வழக்காளிக்கு எட்டும் ஆள் அவர்தான். கடன்பட்டவரை முதலில் பிடியுங்கள் என்று கேட்கும் உரிமையையும் பெரும்பாலான பிணைப் பத்திரங்களில் விட்டுக்கொடுத்தே கையெழுத்திடுகிறார்கள். தவணை தவறப்போகிறதென்றால் நிறுவனத்துக்கு முன் அவருக்குத் தொலைபேசி எடுங்கள். பிறகு நிறுவனத்துக்கு எழுதி, தவணையைக் குறைத்துத் தரக் கேளுங்கள்.

இங்கிலாந்தின் முறை இன்னும் இறுக்கம். கைபேசி ஒப்பந்தம், தனியார் வாகனத் தரிப்பிடக் கட்டணம் போன்ற சிறு தொகைகளுக்கே கவுன்டி கோர்ட் எனும் குடியியல் நீதிமன்றத்தின் வழக்குப் படிவம் வரும். சேர்ப்பித்ததாகக் கொள்ளப்படும் நாளிலிருந்து 14 நாட்களுக்குள் பதில் போகாவிட்டால், வழக்காளி கேட்டதும் தீர்ப்புப் பதிவாகிவிடும். இத்தகைய பண வழக்கில் சாட்சியம் எதையும் நீதிபதி பார்ப்பதில்லை. தபால் நீங்கள் விட்டுப்போன அறைக்கே போயிருந்தாலும், அவர்கள் அறிந்த கடைசி விலாசம் அதுவென்றால் பொதுவாகச் செல்லுபடியாகும். அறை மாறும்போதெல்லாம் வங்கிக்கும் கைபேசி நிறுவனத்துக்கும், வாகனம் இருந்தால் வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏக்கும் அறிவியுங்கள்.

இந்தத் தீர்ப்பு 6 ஆண்டுகள் பொதுப் பதிவேட்டில் இருக்கும். வாடகை வீடு எடுப்பதும் கடன் பெறுவதும் கடினமாகும். ஒரு மாதத்துக்குள் முழுவதும் கட்டினால் பதிவு நீக்கப்படும். படிவமே கிடைக்கவில்லை என்றால் தீர்ப்பை நீக்கக் கேட்டுத் தாமதமின்றி என்244 படிவத்தில் விண்ணப்பியுங்கள். கட்டணம் 300 பவுணுக்கு மேல். வருமானம் குறைந்தவர்களுக்குச் சலுகை உண்டு. படிவம் நிரப்ப சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்தில் இலவசமாக உதவி கேட்கலாம்.