ரெக்கார்டரிலிருந்து கணினிக்கு ஆடியோ மெதுவாக இறங்குகிறதா? கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கும் வழி

கையடக்க ரெக்கார்டரைக் கணினியில் மாட்டிக் காப்பி போட்டால் முக்கால் மணி நேரம் ஓடுகிறது என்று அலுத்துக்கொள்பவர்கள், முதல் வேலையாகப் போய் விலை உயர்ந்த மெமரி கார்டு வாங்கிவிடுகிறார்கள். பல நேரம் அது வீண் செலவு. கார்டு, ரெக்கார்டர், கேபிள், போர்ட், கணினியின் டிஸ்க் என்று ஐந்து இடங்களைத் தாண்டித்தான் கோப்பு வந்து சேர்கிறது. இவற்றில் எது மெதுவோ, அதன் வேகம்தான் மொத்த வேகம். மற்ற நான்கையும் மாற்றினாலும் பலன் இருக்காது. அதனால் எதையும் வாங்குவதற்கு முன் அளந்து பார்ப்போம்.

படி 1: கோப்பு எவ்வளவு பெரியது?

சில நேரம் கோளாறே இருக்காது, கோப்புதான் பெரிதாக இருக்கும். ஒலியைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் ஸ்டீரியோ வேவ் (WAV) கோப்பின் அளவை நீங்களே கணக்குப் போடலாம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்றால் 48,000 × 24 × 2 ÷ 8, அதாவது நொடிக்கு 2,88,000 பைட். ஒரு மணி நேரத்துக்கு 1 ஜிபிக்குச் சற்று மேல். சிடி தரமான 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் மணிக்குச் சுமார் 635 மெகாபைட். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டுக்குப் போனால் 2 ஜிபியைத் தாண்டிவிடும். ஒப்பிட்டுப் பார்க்க, 128 கேபிபிஎஸ் எம்பி3 மணிக்கு 58 மெகாபைட்தான்.

பேட்டி, சொற்பொழிவு, பெரியவர்களின் வாய்மொழிக் கதை போன்ற பேச்சுப் பதிவுகளுக்கு 96 கிலோஹெர்ட்ஸ் தேவையே இல்லை. 48/24 தாராளம். இதை மாற்றினாலே காப்பி ஆகும் நேரம் பாதியாகும். ஆனால் இடம் மிச்சமாகும் என்று எம்பி3-க்கு இறங்காதீர்கள். அது வெட்டி எறிந்த ஒலி பிறகு எந்த மென்பொருளாலும் திரும்பி வராது. காலத்துக்கும் வைத்திருக்க வேண்டிய குரல் என்றால் வேவ்தான் சரி.

படி 2: வேகத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்

500 மெகாபைட்டுக்கு மேலுள்ள ஒரே ஒரு கோப்பை எடுத்து டெஸ்க்டாப்பில் காப்பி போடுங்கள். விண்டோஸில் காப்பி ஆகும்போது வரும் சின்னப் பெட்டியை விரித்தால் வேகம் வரைபடமாகத் தெரியும். முதல் சில நொடிகள் தாறுமாறாக இருக்கும், அதை விட்டுவிடுங்கள். மேக்கில் கடிகாரத்தைப் பார்த்து, அளவை நொடிகளால் வகுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கிடைக்கும் எண் பாதி நோயைச் சொல்லிவிடும். நொடிக்கு 1 மெகாபைட் அல்லது அதற்கும் கீழே என்றால், இணைப்பு பழைய 12 மெகாபிட் யூஎஸ்பி வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். படி 3-க்குப் போங்கள். 5 முதல் 20 வரை நிலையாக இருந்தால், அநேகமாக ரெக்கார்டருக்குள் இருக்கும் யூஎஸ்பி சில்லின் (சிப்) வரம்பு அது. படி 4 உங்களுக்கானது. 30, 40 வருகிறதா? யூஎஸ்பி 2.0-இல் நடைமுறையில் கிடைப்பதே அவ்வளவுதான். 480 மெகாபிட் என்று போட்டிருப்பதை 8-ஆல் வகுத்து 60 வரவில்லையே என்று தேடாதீர்கள், மீதி தகவல் பரிமாற்றத்தின் மேல்செலவுக்கே போய்விடும். வரைபடம் ஏறி இறங்கி, நடுவில் பூஜ்யத்தில் நின்று மறுபடி கிளம்பினால் கதையே வேறு. அது படி 5.

மூன்று மணி நேரக் கச்சேரியை 48/24-இல் பதிவு செய்தால் சுமார் 3.1 ஜிபி. நொடிக்கு 1 மெகாபைட்டில் அது இறங்க 52 நிமிடம் ஆகும், 20 மெகாபைட்டில் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

படி 3: கேபிளும் போர்ட்டும்

ரெக்கார்டரோடு வந்த கேபிள் தொலைந்து, கைக்குக் கிடைத்த பழைய போன் கேபிளை மாட்டுபவர்கள் நிறைய. அவற்றில் சில சார்ஜுக்கு மட்டுமானவை. உள்ளே தகவல் கம்பியே இருக்காது, ரெக்கார்டருக்கு மின்சாரம் போகும், கணினியில் எதுவும் தெரியாது. கம்பி இருந்தும் நைந்து போயிருந்தால் இணைப்பு 480-க்குப் பதில் 12 மெகாபிட்டிலேயே நின்றுவிடலாம். ஆகவே முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். பிறகு ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாக்கும் பெட்டி) இருந்தால் கழற்றிவிட்டு நேரடியாக லேப்டாப்பில் மாட்டுங்கள். மேசைக் கணினி என்றால் முன்பக்கப் போர்ட்டை விட்டுவிட்டுப் பின்பக்கம், மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் மாட்டிப் பாருங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதே கோப்பைக் காப்பி போட்டு வேகத்தைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும்.

ரெக்கார்டர் யூஎஸ்பி 2.0 என்றால், யூஎஸ்பி 3.0-க்கான நீல நிறப் போர்ட்டில் மாட்டுவதால் மட்டும் வேகம் கூடாது.

மாட்டியதும் கோப்புகளே வரவில்லை, மைக் மாதிரி ஏதோ ஒன்று வருகிறது என்றால், ரெக்கார்டர் ஆடியோ இன்டர்ஃபேஸ் நிலையில், அதாவது கணினிக்கு மைக்காக வேலை செய்யும் நிலையில் இருக்கிறது. ஜூம் எச்4என் போன்றவற்றில் யூஎஸ்பி மெனுவுக்குள் போய் ஸ்டோரேஜ் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

படி 4: கேபிளை விட்டுவிடுங்கள், கார்டு ரீடர் வாங்குங்கள்

இந்தக் கட்டுரையில் சொல்வதில் ஒன்றே ஒன்றைச் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். ரெக்கார்டர் செய்யும் நிறுவனங்கள் ஒலியைச் சுத்தமாகப் பதிவதில்தான் அக்கறை காட்டுகின்றன. உள்ளே இருக்கும் யூஎஸ்பி சில்லு ஏதோ வேலை செய்தால் போதும் என்ற அளவில் இருப்பது சகஜம். கார்டை வெளியே எடுத்து யூஎஸ்பி 3.0 கார்டு ரீடரில் போட்டால் அந்தச் சில்லையே தாண்டிவிடுகிறோம். யூஎச்எஸ்-1 (UHS-I) என்ற வேக வகைக் கார்டுக்கு இடைமுக வரம்பு நொடிக்கு 104 மெகாபைட். நடைமுறையில் 80 கிடைத்தாலும் மேலே சொன்ன கச்சேரி ஒரு நிமிடத்துக்குள் இறங்கிவிடும். ரீடர் மட்டும் யூஎஸ்பி 3.0 ஆக இருந்தால் போதாது, அதை 3.0 போர்ட்டில்தான் மாட்ட வேண்டும்.

ரெக்கார்டரை அணைத்து, திரை முழுவதும் இருண்ட பிறகு கார்டை எடுங்கள். எஸ்டி கார்டின் இடது ஓரத்தில் நகம் பட்டால் நகரும் சின்னத் தாழ்ப்பாள் ஒன்று இருக்கும். அதைக் கீழே தள்ளிவிட்டால் கார்டில் எழுதவோ அழிக்கவோ முடியாது. காப்பி போடும் நேரத்தில் கை தவறி டெலிட் ஆகிவிடாமல் இருக்க இதைவிட எளிய பாதுகாப்பு இல்லை. மைக்ரோ எஸ்டி என்றால் அடாப்டரில் அந்தத் தாழ்ப்பாள் இருக்கும். மறுபடி ரெக்கார்டரில் போடுவதற்கு முன் மேலே தள்ள மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் பதிவே ஆகாது.

ரெக்கார்டரின் உள்நினைவகத்தில் இருக்கும் பதிவுகளுக்கு இந்த வழி உதவாது. சோனி ஐசிடி-பிஎக்ஸ்470 போன்ற குரல் பதிவுக் கருவிகளில் 4 ஜிபி உள்ளேயே இருக்கிறது, மைக்ரோ எஸ்டி போடவும் இடம் உண்டு. பதிவு செய்வதற்கு முன்பே மெனுவில் கார்டைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பிறகு சிரமம் இல்லை.

பழைய மினிடிஸ்க் அல்லது கேசட் ரெக்கார்டரிலிருந்து ஒலிக் கம்பி வழியாக எடுக்கிறீர்கள் என்றால், ஒரு மணி நேரப் பதிவுக்கு ஒரு மணி நேரம்தான். அதில் கோளாறு எதுவும் இல்லை, கருவியின் இயல்பே அப்படி.

படி 5: கார்டு சாகிறதா?

கார்டின் மேல் ஒரு வட்டத்துக்குள் இருக்கும் 4, 10 என்ற எண், குறைந்தபட்சம் நொடிக்கு இத்தனை மெகாபைட் எழுதும் என்ற உத்தரவாதம். படிக்கும் வேகம் பொதுவாக அதைவிட அதிகம். கிளாஸ் 4 கார்டுகூட 48/24 ஸ்டீரியோ பதிவுக்குப் போதும். ஆகவே எண் சிறியது என்பதற்காகக் கார்டைக் குறை சொல்ல வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது வேறு அறிகுறிக்கு. ஒவ்வொரு முறையும் அதே கோப்பில், ஏறக்குறைய அதே இடத்தில் காப்பி திணறி நின்றால், கார்டின் அந்தப் பகுதி படிக்க முடியாமல் போய்க்கொண்டிருக்கிறது. உடனே நிறுத்துங்கள். சிக்கலான கோப்பை ஒதுக்கிவிட்டு மற்ற எல்லாவற்றையும் முதலில் இறக்குங்கள். கணினி "சரிசெய்யட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், ஃபார்மட் கேட்டாலும் அப்படியே. மிச்சத்தை மீட்க முயலும் வரை அந்தக் கார்டில் ஒரு எழுத்துகூடப் புதிதாக எழுதக் கூடாது.

படி 6: கணினிப் பக்கம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காப்பி ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா பாருங்கள். நின்றால், சேருமிடம் பழைய ஹார்ட் டிஸ்காகவோ, பின்னணியில் ஆன்டிவைரஸ் முழு ஸ்கேன் ஓட்டிக்கொண்டோ இருக்கலாம். ஸ்கேன் முடியட்டும், ஆன்டிவைரஸை அணைக்க வேண்டாம். ஒன்டிரைவ் போன்ற மேகக் கணக்கோடு இணைந்த ஃபோல்டரில் நேரடியாக இறக்கினால் அது அப்போதே பதிவேற்றத் தொடங்கிவிடும். சாதாரண ஃபோல்டரில் இறக்கிவிட்டு அப்புறம் நகர்த்துங்கள்.

கார்டிலிருந்தே கோப்பை ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் திறப்பதும் வேண்டாம். 2021-இல் வந்த 3.0 பதிப்பு முதல் அது எல்லா ஒலியையும் தன் ப்ராஜெக்ட் கோப்புக்குள் எழுதிக்கொள்கிறது. இயல்பான அமைப்பில் 32 பிட்டாக மாற்றியும் வைப்பதால் 16 பிட் பதிவு இரண்டு மடங்காகப் பெருகும். அந்த நேரத்தைக் காப்பி ஆகும் நேரம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

படி 7: கார்டைக் காலி செய்வதற்கு முன்

ஃபோல்டரின் மொத்த பைட் எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒன்றுதானா பாருங்கள். எச்4என் நீண்ட பதிவை 2 ஜிபிக்கு ஒருமுறை வெட்டி அடுத்த கோப்பைத் தொடங்கும், எனவே ஒரு நிகழ்ச்சிக்கு இரண்டு கோப்பு இருக்கிறதா என்றும் தேடுங்கள். ஒவ்வொன்றின் கடைசி நிமிடத்தையும் ஓட்டிக் கேளுங்கள். இன்னொரு டிஸ்கில் இரண்டாவது பிரதியும் ஏறட்டும். அதன் பிறகு கார்டைக் கணினியில் அல்லாமல் ரெக்கார்டரின் மெனுவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். தனக்குத் தேவையான ஃபோல்டர்களை அதுவே அமைத்துக்கொள்ளும்.