ஊராட்சித் தேர்தல் முடிவை எதிர்த்து வழக்குப் போடுவது எப்படி? 45 நாளுக்குள் செய்ய வேண்டியவை

ஊராட்சித் தேர்தலில் ஐந்து, பத்து ஓட்டில் தோற்றவர்கள் முதலில் ஓடுவது கலெக்டர் ஆபீசுக்கு. அடுத்து மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு ஒரு பதிவுத் தபால். அதற்கும் மேலே முதலமைச்சர் தனிப்பிரிவு. எல்லா இடத்திலும் மனுவை வாங்கிக்கொள்வார்கள், ரசீதும் கிடைக்கும். ஆனால் முறைப்படி அறிவித்துவிட்ட முடிவை மாற்றும் அதிகாரம் இவர்களில் யாருக்கும் இல்லை. பதில் வரட்டும் என்று காத்திருக்கும் நேரத்தில், வழக்குப் போட வேண்டிய கெடு கடந்துபோய்விடும்.

தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சித் தேர்தலை வைத்தே இதை எழுதுகிறேன். நகராட்சி, மாநகராட்சிக்குச் சட்டம் வேறு. அங்கே போட்டியிட்டவர்கள் தங்களுக்கான சட்டத்தில் கெடு எவ்வளவு என்று தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: எண்ணும் மேஜையிலேயே தொடங்குங்கள்

வழக்கின் பாதி வாக்கு எண்ணும் இடத்திலேயே முடிவாகிவிடுகிறது. ஊரகத் தேர்தலில் இன்னும் வாக்குச்சீட்டுதான். ஒரே வாக்காளர் ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றிய வார்டு உறுப்பினர், மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினர் என்று நான்கு பேருக்கு, நான்கு நிறச் சீட்டில் முத்திரை குத்துகிறார். நிறம் பிரித்து, கட்டுக்கட்டி, எண்ணும்போது தவறு நேர வாய்ப்பு அதிகம். முத்திரை கோட்டில் பட்டதா, இரண்டு சின்னத்திலும் பட்டதா என்ற சண்டை மேஜைக்கு மேஜை நடக்கும்.

உங்கள் முகவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து உட்கார வையுங்கள். எந்த வாக்குச்சாவடி, எந்தச் சுற்று, செல்லாதவை என்று ஒதுக்கியது எத்தனை, என்ன காரணம் சொன்னார்கள், ஆட்சேபித்தது யார் என்று அவர் குறித்துக்கொண்டே வர வேண்டும். வெளியே வந்து பட்டாசு வாங்கப் போகிற முகவரால் பின்னால் ஒரு பயனும் இல்லை.

மொத்த வாக்குகளைச் சொன்னதும், முடிவை அறிவிப்பதற்கு முன், மறுஎண்ணிக்கை கேட்டு தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எழுத்தில் மனு கொடுங்கள். வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை. மனுவில் காரணம் இருக்க வேண்டும், நகலில் அலுவலரின் கையெழுத்தும் நேரமும் இருக்க வேண்டும். அவர் மறுத்தால், மறுத்த உத்தரவை எழுத்தில் கேளுங்கள். பிறகு நீதிபதி கேட்கப்போகும் முதல் கேள்வி, “அன்றைக்கே ஏன் கேட்கவில்லை?” என்பதுதான்.

படி 2: நாளைக் கணக்கிடுங்கள்

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994இன் 258ஆம் பிரிவுப்படி, முடிவு வெளியிடப்பட்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் தேர்தல் மனு தாக்கலாக வேண்டும். வாக்குப்பதிவு நாளோ, பதவியேற்ற நாளோ கணக்கில்லை.

பொதுவான கணக்கு முறையில் முடிவு வந்த நாளை விட்டுவிட்டு, மறுநாளை முதல் நாளாக எண்ண வேண்டும். 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் நடந்த ஊரகத் தேர்தலின் எண்ணிக்கை 2020 ஜனவரி 2 அன்று தொடங்கியது. அன்றே முடிவு வெளியான ஊருக்கு ஜனவரி 3 முதல் நாள். பிப்ரவரி 16 நாற்பத்தைந்தாவது நாள். அது ஞாயிற்றுக்கிழமை! கடைசி நாள் விடுமுறையானால் அடுத்த வேலை நாளில் தாக்கல் செய்யலாம் என்ற பொது விதி உண்டுதான். ஆனால் அந்த விதியை நம்பித் திங்கட்கிழமை காலை கோர்ட் வாசலில் நிற்பவரைக் கெட்டிக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு முதல் ஆட்சேபனையை நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இன்னொரு சிக்கல். எண்ணிக்கை விடிய விடிய நடக்கும். நள்ளிரவு தாண்டி அறிவித்தால் தேதி மாறிவிடும். ஆகவே முடிவுப் படிவத்தில் என்ன தேதி போட்டிருக்கிறது என்று பாருங்கள். குழப்பம் இருந்தால் இரண்டில் முந்தைய தேதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

உடம்பு சரியில்லை, பத்திரம் கிடைக்கவில்லை என்று தாமதத்தை மன்னிக்கச் சொல்லலாமா? சாதாரண சிவில் வழக்கில் காலவரையறைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு அதற்கு உதவும். நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல் மனுக்களுக்கு அந்தச் சலுகை பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1974இலேயே சொல்லிவிட்டது. உள்ளாட்சி வழக்கிலும் அந்தத் தயவை எதிர்பார்க்காமல் இருப்பதே நல்லது. என் கணக்கில் உங்கள் கெடு 45 இல்லை, 30. மீதிப் பதினைந்து நாள் மனுவில் குறை காட்டித் திருப்பித் தந்தால் சரிசெய்வதற்கு.

பக்கத்து மாநில உறவினர் சொல்லும் கணக்கையும் கேட்காதீர்கள். கேரளத்திலும் கர்நாடகத்திலும் கெடு 30 நாள். போக வேண்டிய நீதிமன்றமும் வேறு.

படி 3: சரியான கதவைத் தட்டுங்கள்

நம்மூரில் அது மாவட்ட நீதிபதி. அந்த ஊராட்சி எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்த மாவட்டம். போட்டியிட்ட வேட்பாளர் மட்டுமல்ல, அந்த ஊராட்சியின் வாக்காளரும் மனு போடலாம்.

“நேரே ஹைகோர்ட்டில் ரிட் போட்டால் சீக்கிரம் முடியுமே” என்று யாராவது சொல்வார்கள். ரிட் என்பது உயர் நீதிமன்றத்தை நேரடியாக அணுகிப் போடும் மனு. அரசியல் சாசனத்தின் 243ஓ பிரிவு, மாநிலச் சட்டம் சொன்ன முறையில் தேர்தல் மனு போட்டால் தவிர, ஊராட்சித் தேர்தலைக் கேள்விக்கு உட்படுத்த முடியாது என்கிறது. இந்தக் கொள்கை நம் நாமக்கல்லிலிருந்து போன வழக்கில் உறுதியானது என்பது பலருக்குத் தெரியாது. முதல் பொதுத்தேர்தலில் நாமக்கல் சட்டமன்றத் தொகுதியில் வேட்புமனு தள்ளுபடியான பொன்னுசாமி ரிட் போட்டார். தேர்தல் முடியட்டும், பிறகு தேர்தல் மனுவாக வாருங்கள் என்று உச்ச நீதிமன்றம் 1952 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அது சட்டமன்றத் தேர்தலுக்கான 329ஆம் பிரிவைப் பற்றியது. உள்ளாட்சிக்கும் அதே தடைதான்.

சண்டிகர் மேயர் தேர்தலை எடுத்துக்காட்டுவார்கள். 2024 ஜனவரி 30 அன்று எட்டு வாக்குச்சீட்டுகளில் தேர்தல் அதிகாரியே கோடு கிழித்து அவற்றைச் செல்லாததாக்கினார்; மூன்றே வாரத்தில் உச்ச நீதிமன்றம் முடிவை மாற்றியது. அது கேமராவில் பதிவாகி நாடே பார்த்த காட்சி. நம் ஊர் மேஜையில் அப்படியொரு வீடியோ இருக்கும் என்று நினைத்து வழக்கைத் திட்டமிட முடியாது.

படி 4: காரணத்தைத் தேர்ந்தெடுங்கள்

259ஆம் பிரிவில் உள்ள காரணங்களுக்கு மட்டும்தான் தேர்தலைச் செல்லாது என்று அறிவிக்க முடியும். சுருக்கமாக: வென்றவருக்குத் தகுதி இல்லாதது, அவரோ அவர் சம்மதத்தோடு வேறொருவரோ ஓட்டுக்குப் பணம் கொடுப்பது போன்ற ஊழல் நடவடிக்கையில் ஈடுபட்டது, யாருடைய வேட்புமனுவையாவது முறைகேடாகத் தள்ளியது, தவறாக ஓட்டை ஏற்றதோ மறுத்ததோ, விதியை மீறியதோ முடிவையே பாதித்தது.

கடைசியில் சொன்னதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நூறு ஓட்டு வித்தியாசத்தில் தோற்றுவிட்டு, பன்னிரண்டு கள்ள ஓட்டை நிரூபித்தால் வழக்கு நிற்காது. பிழை நடந்தது என்பது போதாது, அதனால் முடிவு மாறியது என்று காட்ட வேண்டும்.

பணம் கொடுத்தார் என்ற குற்றச்சாட்டு சொல்ல எளிது. ஆனால் அதற்கு நீதிமன்றம் கேட்கும் சான்று குற்றவியல் வழக்குக்குக் கேட்பதற்கு நிகரானது. எந்தத் தேதி, எந்தத் தெரு, யார் கொடுத்தார், யார் வாங்கினார், எவ்வளவு என்று சொல்ல முடியாவிட்டால் அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள். பலவீனமான ஒரு குற்றச்சாட்டு, நல்ல குற்றச்சாட்டையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

படி 5: மனுவை எழுதுங்கள்

தமிழ்நாட்டு ஊராட்சித் தலைவர் தேர்தல் வழக்கொன்றில், 2000ஆம் ஆண்டில், மறுஎண்ணிக்கை உத்தரவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வாக்கின் ரகசியம் முக்கியம்; “முறைகேடு நடந்தது, எண்ணிப் பார்த்தால் தெரியும்” என்ற பொதுப் பேச்சுக்காகப் பெட்டியைத் திறக்க முடியாது, விவரம் மனுவிலேயே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். படி 1இல் முகவர் எழுதிய நோட்டு இங்கேதான் கை கொடுக்கும். “3ஆம் வாக்குச்சாவடியில் இரண்டாவது சுற்றில், என் சின்னத்தில் முத்திரை உள்ள 14 சீட்டுகள் இன்ன காரணம் சொல்லி ஒதுக்கப்பட்டன” என்று எழுதினால் அது மனு. மற்றதெல்லாம் புலம்பல்.

எதிர்மனுதாரர் பட்டியலில் வென்றவரை மட்டும் சேர்த்து நிறுத்தாதீர்கள். உங்களையே வென்றவராக அறிவிக்கச் சொல்வதானால் போட்டியிட்ட எல்லோரையும் சேருங்கள். சேர்க்க மறந்தவரைக் கெடு முடிந்தபின் சேர்ப்பது பெரிய தலைவலி.

கோரிக்கையையும் முழுமையாக எழுதுங்கள்: வென்றவரின் தேர்தல் செல்லாது, மறுஎண்ணிக்கை வேண்டும், என்னை வென்றவராக அறிவிக்க வேண்டும். கேட்காததை நீதிமன்றம் தானாகக் கொடுக்காது. வாக்குச்சீட்டுகளை அழிக்காமல் பாதுகாக்க உத்தரவு கேட்டு ஓர் இடைக்கால மனுவும் கூடவே போகட்டும். தேர்தல் ஆவணங்களைக் காலத்துக்கும் வைத்திருக்கமாட்டார்கள். மனுவில் உள்ளவை உண்மை என்று உறுதி சொல்லும் சரிபார்ப்புப் பகுதியில் கையெழுத்து, எதிர்மனுதாரர் எண்ணிக்கைக்கு ஏற்ற நகல்கள், கட்டணம் இவற்றை வக்கீலோடு உட்கார்ந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். தாக்கல் செய்த அன்றே தேதி முத்திரை விழுந்த நகல் கையில் இருக்க வேண்டும்.

படி 6: வாய்தாவைக் கண்காணியுங்கள்

ஹரியானாவில் பானிப்பட் மாவட்டத்துக் கிராமம் புவானா லாக்கு. 2022 நவம்பரில் நடந்த சர்பஞ்ச் (ஊராட்சித் தலைவர்) தேர்தலில் தோற்றதாக அறிவிக்கப்பட்டவர் தேர்தல் தீர்ப்பாயத்துக்குப் போனார். மறுஎண்ணிக்கைக்கு உத்தரவு வந்ததே 2025 ஏப்ரலில்தான். உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கடைசியில் உச்ச நீதிமன்றம் வாக்கு இயந்திரங்களை டெல்லிக்கே கொண்டுவரச் சொல்லி, 2025 ஆகஸ்ட் 6 அன்று தன் பதிவாளர் முன்னிலையில் எண்ண வைத்தது. தோற்றவருக்கு 1,051, வென்றவருக்கு 1,000. பதவி கைமாறியது, ஐந்தாண்டுக் காலத்தில் ஏறத்தாழ மூன்றாண்டு அதற்குள் முடிந்திருந்தது.

நம் ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியில் அந்த ஆறுதல்கூட இல்லை. 2016இல் 49 ஓட்டு வித்தியாசம். 2019இல் மறுஎண்ணிக்கை நடந்தது. முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021இல் அடுத்த தேர்தலே வந்துவிட்டது.

அதனால் தாக்கல் செய்த வாரத்திலேயே எதிர்மனுதாரர்களின் சரியான முகவரியைக் கொடுத்து நோட்டீஸ் அவர்கள் கையில் போய்ச் சேர (சார்பு செய்ய) வையுங்கள். ஒருவர் வாங்காமல் இழுத்தடித்தால் மொத்த வழக்கும் நிற்கும். சாட்சிகளின் பிரமாணப் பத்திரங்களை விசாரணை தொடங்கும் முன்பே தயார் செய்யுங்கள். எதிர்த்தரப்பு வாய்தா கேட்கும்போது, மீதமுள்ள பதவிக்காலத்தை மாதக் கணக்கில் சொல்லி உங்கள் வக்கீலை ஆட்சேபிக்கச் சொல்லுங்கள். மாவட்ட நீதிபதியின் தீர்ப்போடு கதை முடியாமல், சென்னை உயர் நீதிமன்றத்துக்கோ அதன் மதுரைக் கிளைக்கோ, தீர்ப்பைத் திரும்பப் பார்க்கச் சொல்லும் சீராய்வு மனு போக வாய்ப்புண்டு. அதற்கும் சேர்த்து நாள் ஒதுக்கித்தான் இங்கே அவசரப்பட வேண்டும்.