டெண்டர் சட்டத்தில் தொழில் தொடங்குவது எப்படி? இளம் வழக்கறிஞர்களுக்குப் படிப்படியாக

டெண்டர் வழக்கு என்றதும் பலருக்கு உயர் நீதிமன்றமும், அரசின் ஆணையை எதிர்த்து அங்கே போடும் ரிட் மனுவும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அரசுக் கொள்முதல் துறையில் ஒரு வழக்கறிஞர் அதிகம் உதவக்கூடிய காலம் டெண்டர் போடுவதற்கு முந்தைய சில வாரங்கள். அந்தக் கண்ணோட்டத்தில்தான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் தொழில் செய்பவர்களை மனதில் வைத்திருக்கிறேன்.

படி 1: எந்தச் சட்டம் என்று பாருங்கள்

டெண்டர் விடுவது மாநில அரசுத் துறையோ, உள்ளாட்சி அமைப்போ, மாநிலப் பொதுத்துறை நிறுவனமோ என்றால், 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் அதன் 2000ஆம் ஆண்டு விதிகளும் பொருந்தும். சிறிய சட்டம்தான், ஒரே மூச்சில் படித்துவிடலாம். மத்திய அரசுத் துறை என்றால், அலுவலகம் சென்னையிலேயே இருந்தாலும் 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளைப் பார்க்க வேண்டும்.

படி 2: ஒரு டெண்டர் ஆவணத்தை முழுதாகப் படியுங்கள்

கட்சிக்காரர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அரசின் டெண்டர் இணையதளத்தில் ஆவணங்கள் கிடைக்கும். ஒன்றை இறக்கி, முதல் பக்கத்திலிருந்து கடைசி இணைப்புவரை படியுங்கள். பிறகு ஒரே தாளில் எழுதுங்கள்: முக்கியத் தேதிகள், தகுதி நிபந்தனைகள், முன்வைப்புத் தொகை (டெண்டருடன் கட்டும் பிணைத் தொகை), எந்தக் குறை இருந்தால் டெண்டரைத் தள்ளுவார்கள், தகராறு வந்தால் எங்கே போக வேண்டும்.

தேதிகளைச் சரிபார்ப்பதும் சட்ட வேலைதான். மாநில விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாளும் அவகாசம் தர வேண்டும். குறைத்தால், மேலதிகாரி காரணத்தை எழுதி அனுமதித்திருக்க வேண்டும்.

படி 3: கேள்வியை முன்கூட்டியே, எழுத்தில் கேளுங்கள்

என்னைக் கேட்டால், இந்தத் தொழிலின் உயிர்நாடி இதுதான். 'இதே போன்ற பணியில் முன் அனுபவம்' என்று ஒரு நிபந்தனை இருக்கிறது என்று வையுங்கள். உங்கள் கட்சிக்காரர் அந்தப் பணியைத் துணை ஒப்பந்ததாரராகச் செய்தவர். அது கணக்கில் வருமா? 'பார்த்துக்கொள்ளலாம் சார்' என்று டெண்டரைப் போட்டுவிடுவார். நிராகரித்த பிறகு நீதிமன்றத்தில் அதே கேள்வியை எழுப்பினால், 'நிபந்தனையைத் தெரிந்துதானே கலந்துகொண்டீர்கள்?' என்பார்கள்.

அதனால் ப்ரீ-பிட் கூட்டத்துக்கு (டெண்டர் போடுவதற்கு முன் சந்தேகங்களைத் தீர்க்க நடத்தும் கூட்டம்) முன்பே பிரிவு எண், பக்க எண்ணுடன் கடிதம் அனுப்புங்கள். வாதம் வேண்டாம். 'துணை ஒப்பந்ததாரராகப் பெற்ற அனுபவம், பணியை முதலில் ஒப்படைத்தவரின் சான்றிதழுடன் இருந்தால் ஏற்கப்படுமா?' என்று ஒரே வரி போதும். பதில் திருத்த அறிவிப்பாக வெளிவந்தால் அது எல்லோருக்கும் பொருந்தும். பதிலே வராவிட்டாலும், நேரத்தில் கேட்டதற்கு ஆதாரம் உங்கள் கையில் இருக்கும்.

படி 4: நிராகரித்துவிட்டால்

ஆணை கைக்கு வந்த தேதியைக் குறித்து வையுங்கள். மாநிலச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, டெண்டரை ஏற்கும் அதிகாரியின் ஆணைக்கு எதிராக 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். அதை விட்டுவிட்டு நேராக ரிட் போட்டால், மாற்றுப் பரிகாரம் இருக்கிறதே என்பதுதான் அரசு வழக்கறிஞரின் முதல் பதிலாக இருக்கும்.

ரிட்டுக்குப் போவதற்கு முன் சில உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை அவசியம் படியுங்கள். 1979இன் ரமணா தயாராம் ஷெட்டி வழக்கு, அரசு தானே வகுத்த தகுதி நிபந்தனையை மீறக்கூடாது என்றது. 1994இன் டாடா செல்லுலார், நீதிமன்றம் பார்ப்பது முடிவெடுத்த முறையைத்தான், முடிவின் நன்மை தீமையை அல்ல என்றது. 2022இன் என்.ஜி. புராஜெக்ட்ஸ் தீர்ப்பு, டெண்டர்களுக்குத் தடை விதிக்க நீதிமன்றங்கள் தயங்க வேண்டும் என்றது. மூன்றையும் வரிசையாகப் படித்தால், இடைக்காலத் தடை கிடைப்பது ஏன் கடினம் என்பதைக் கட்சிக்காரரிடம் நேர்மையாகச் சொல்ல முடியும். சொல்லுங்கள், அவருடைய பணமும் மிஞ்சும்.

படி 5: ஒப்பந்தம் கிடைத்த பிறகு

பில் தொகை வராமல் தவிக்கும் சிறு நிறுவனங்கள் ஏராளம். முதலில் உத்யம் பதிவுச் சான்றிதழைக் (இத்தகைய நிறுவனங்களுக்கு மத்திய அரசு தரும் பதிவு) கேளுங்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி, சரக்கையோ சேவையையோ வாங்கியவர் 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. இழுத்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. கறுப்புப் பட்டியல் நோட்டீஸ் வந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். மற்ற டெண்டர்களின் கதவுகளும் மூடிவிடும்.

படி 6: வேலை எங்கே?

பார் கவுன்சில் விதிப்படி விளம்பரம் செய்து கட்சிக்காரர்களைச் சேர்க்க முடியாது. கொள்முதல் வழக்கு நடத்தும் சீனியரிடம் சேரலாம், பொதுத்துறை நிறுவனங்களின் சட்ட அதிகாரித் தேர்வு எழுதலாம். அரசுத் தரப்பில் சில காலம் இருந்தால், கோப்பு எப்படி நகர்கிறது என்பது புரியும். வேறெங்கும் அது கிடைக்காது.

அப்புறம், ஒரே டெண்டரில் போட்டியிடும் இருவருக்கு ஆலோசனை சொல்லாதீர்கள். கட்சிக்காரர் போட்டியாளரோடு விலையைப் பேசி வைத்திருப்பது தெரிந்தால், 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டப்படி அது அபராதத்துக்குரியது, இந்த டெண்டரில் கலந்துகொள்ள வேண்டாம் என்று எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள்.