மெனுவில் எது துணை, எது மாற்று? பில்லை வைத்தே கண்டுபிடிக்கலாம்

ஃபைன் டைனிங் உணவகத்தில் ஒரு தட்டின் விலையைத் தொட்டால் இன்னொன்றின் விற்பனையும் அசையும். சேர்ந்து விற்பது துணை, ஒன்றின் இடத்தை இன்னொன்று பிடிப்பது மாற்று. எது எது என்று சமையல்காரரின் ஊகத்தை வைத்து முடிவுசெய்ய வேண்டாம். பில்லிங் மென்பொருளிலேயே பதில் இருக்கிறது.

கடைசி எட்டு முதல் பன்னிரண்டு வாரப் பில்களை எக்செல்லில் இறக்குங்கள். இருவர் அமர்ந்த மேசைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேர் மேசையில் எல்லாமே ஆர்டர் ஆகும்; அதைச் சேர்த்தால் எதுவும் எதற்கும் துணை போலத் தோன்றிவிடும். பலரும் சறுக்குவது இங்கேதான்.

400 பில்கள் என்று வையுங்கள். மட்டன் சாப்ஸ் 120-இல், நன்னாரி பானம் 100-இல் இருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பே இல்லையென்றால் 120 × 100 ÷ 400, அதாவது 30 பில்களில் சேர்ந்து வரவேண்டும். 45-இல் வந்தால் விகிதம் 1.5, துணை. 12-இல் வந்தால் 0.4, மாற்று. 0.8-க்கும் 1.2-க்கும் இடைப்பட்டதைப் பொருட்படுத்த வேண்டாம். எதிர்பார்க்கும் எண்ணிக்கையே 20-க்குக் கீழே போனால் அந்த ஜோடியை விட்டுவிட்டு, இன்னும் சில வாரப் பில்களைச் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது விலைச் சோதனை. ஒரு விலையை மட்டும் மாற்றி, முன்னும் பின்னும் நான்கு வாரம் ஒப்பிடுங்கள். புரட்டாசியையும் ஐப்பசியையும் ஒப்பிடாதீர்கள். புரட்டாசியில் பலர் அசைவத்தைத் தொடமாட்டார்கள். மட்டன் விற்காததற்கு விலைதான் காரணம் என்று தவறாகப் படிப்பீர்கள். முகூர்த்த மாதங்களிலும் இதே சிக்கல் உண்டு.

கணக்கு இப்படி. டேஸ்டிங் மெனு (சிறு சிறு தட்டுகளாகப் பல சுற்றில் பரிமாறும் விருந்து) ₹3,000, அதில் பொருள் செலவு ₹1,000. வாரத்துக்கு 100 பேர் வருகிறார்கள். அவர்களில் 40 பேர் சுற்றுக்கு ஒரு பானம் வரும் ₹1,000 பானத் தொகுப்பையும் வாங்குகிறார்கள், அதில் செலவு போக நிற்பது ₹750. மெனுவை ₹3,300 ஆக்கியதும் 90 பேர் வருகிறார்கள், 26 பேர்தான் பானம் வாங்குகிறார்கள். உணவில் மட்டும் பார்த்தால் ₹2,00,000 என்பது ₹2,07,000 ஆகிறது. லாபம் போலத் தெரியும். ஆனால் பானத்தில் ₹30,000 என்பது ₹19,500-ஆக இறங்கியிருக்கிறது. மொத்தத்தில் வாரத்துக்கு ₹3,500 நட்டம். வந்தவர்களும் மொத்தப் பில் கைமீறிப் போகாமலிருக்கப் பானத்தை வெட்டியிருக்கிறார்கள்.

இந்தப் பிணைப்பைக் குறுக்கு நெகிழ்ச்சியாக எழுதலாம்; ஒன்றின் விலை ஒரு சதவீதம் மாறினால் இன்னொன்றின் விற்பனை எத்தனை சதவீதம் மாறுகிறது என்பதே அது. மாற்றத்தை முன், பின் அளவுகளின் சராசரியால் வகுங்கள்: பானம் −14 ÷ 33 = −42.4%; மெனு விலை 300 ÷ 3,150 = 9.5%. வகுத்தால் சுமார் −4.5. கழித்தல் குறி வந்தால் துணை, கூட்டல் குறி வந்தால் மாற்று. குறியை விட்டுப் பார்த்தால், எண் பெரிதாக ஆக, பிணைப்பும் இறுக்கம். இவ்வளவு இறுகிய ஜோடியில் விலையைத் தனித்தனியாக நிர்ணயிப்பது தவறு. மெனுவை ₹3,000-லேயே நிறுத்தி, பானம் சேர்ந்த தொகுப்புக்கு ஒரே விலை போட்டுப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் இது இன்னும் கூர்மையான விஷயம். மது உரிமம் பெரும்பாலும் நட்சத்திர ஓட்டல்களுக்கும் கிளப்களுக்கும்தான். வேறு ஊர்களில் ஒயின் தாங்கும் லாபத்தைத் தனி உணவகம் இங்கே நன்னாரி, கோகம் என்ற புளிப்புப் பழச் சாறு, குளிரவைத்த தேநீர் போன்றவற்றால் ஈட்ட வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் 90 முதல் 120 மில்லி போதும். 200 மில்லி ஊற்றினால் ஐந்தாம் சுற்றுக்குள் வயிறு நிறைந்து, இனிப்புக்கு இடமிருக்காது. மட்டனுக்குத் துணையாக இருந்த பானம் இனிப்புக்கு மாற்றாகிவிடும். சர்க்கரை தூக்கலாக இருந்தாலும் இதே கதி. பாதி மிச்சமாகத் திரும்பும் கோப்பைகளை ஒரு வாரம் எண்ணுங்கள். பில்லில் விற்றதாகத் தெரிந்தாலும், அந்தப் பானத்தை அடுத்த முறை வாங்கமாட்டார்கள்.

கதவுக்கு வெளியே இருக்கும் மாற்றுகள் பில்லில் தெரியாது. திருமண நாளுக்கு வருபவர் உங்களை அடுத்த தெருவின் உணவகத்தோடு மட்டும் ஒப்பிடுவதில்லை. ஈசிஆர் ரிசார்ட், நட்சத்திர ஓட்டல் பஃபே, வீட்டுக்கே வந்து சமைப்பவர் எல்லாம் அதே பணத்துக்குப் போட்டி. முன்பதிவின்போது என்ன விசேஷம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ரத்து செய்தவரிடம் மறுநாள் பணிவாக ஒரே கேள்வி: “அன்றைக்கு எங்கே போனீங்க?” ஐம்பது பதில்கள் சேரட்டும். பஃபே என்ற பதில் அதிகம் வந்தால் விலையைக் குறைக்க ஓடாதீர்கள்; பெரும்பாலும் குழந்தைகளுக்கு ஏற்ற உணவு இல்லாததுதான் காரணமாக இருக்கும். அதையும் கேட்டு உறுதிசெய்த பிறகே மெனுவில் கைவையுங்கள்.