ஆரம்ப வகுப்பில் நான் செய்த தவறுகள்: புதிய ஆசிரியர்களுக்குச் சில வார்த்தை

இந்தத் தவணை எங்கள் பாடசாலைக்குக் கல்வியியற் கல்லூரியிலிருந்து இரண்டு பேர் கட்டுறுபயில்வுக்கு வந்திருக்கிறார்கள். இரண்டு வருடம் கல்லூரியில் படித்துவிட்டு மூன்றாவது வருடம் வகுப்பறையில் நின்று பழக வேண்டியவர்கள். முதல் வாரம் வகுப்பின் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்து அவர்கள் படிப்பிப்பதைப் பார்த்தேன். பாதி நேரம் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. நான் 2006இல் கொழும்பு வடக்கில் என்னென்ன பிழை விட்டேனோ, அதே பிழைகள், கிட்டத்தட்ட அதே வரிசையில்.

பிந்தி வருவது, ஆயத்தமில்லாமல் வருவது, பிள்ளையின் பெயரைப் பிழையாகக் கூப்பிடுவது, இதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது யாருக்கும் தெரிந்த பிழை. நல்ல எண்ணத்தோடு செய்யும் பிழைகள்தான் எனக்குக் கவலை.

பதினைந்து விதிகள்

சுவரில் பெரிய தாளில் வண்ண வண்ணமாக எழுதி ஒட்டியிருந்தார் ஒருவர். எண்ணிப் பார்த்தேன், பதினைந்து. எல்லாமே 'ஓடாதே', 'கத்தாதே', 'தள்ளாதே' ரகம். தரம் 2 பிள்ளைக்கு அதில் பாதியை வாசிக்கவே இன்னும் வராது. வாசித்தாலும், ஓடாமல் என்ன செய்வது என்று அதில் இல்லை.

நாலைந்து போதும். 'வரிசையில் நடப்போம்', 'ஒருவர் கதைக்கும்போது மற்றவர் கேட்போம்' என்று செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள். அப்புறம் அதைப் பழக்குங்கள். தண்ணீர் குடிக்கப் போகும் வரிசையை முதல் வாரம் முழுக்க, பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பதுபோல், திரும்பத் திரும்பச் செய்ய வைக்க வேண்டும். நேரம் வீணாகிறது என்று நினைத்து நான் அதை விட்டுவிட்டேன். பிறகு வருடம் முழுக்கக் கத்தினேன்.

மொனிட்டரின் பட்டியல்

'கதைத்தவர்கள்' என்று கரும்பலகையின் மூலையில் பெயர் எழுதும் வேலையை எட்டு வயதுப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். என் வகுப்பு மொனிட்டர் பாதி மாலு பணிஸுக்குப் பெயரை அழிப்பான். ஒரு தவணை முடியும்வரை அது எனக்குத் தெரியாது.

நூறு தரம் எழுது

இதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் கேட்டால் கோபம் வரும் விஷயம் இதுதான்.

நான் ஆசிரியராக வருவதற்கு முந்தைய வருடம், 2005இல், உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை வந்திருந்தது. 2016இல் 12/2016 இலக்கச் சுற்றறிக்கை அதை மறுபடியும் வலியுறுத்தியது. 2021இல் உயர் நீதிமன்றமும், மாணவனின் காதில் ஆசிரியர் அறைந்த ஒரு வழக்கில், அது சித்திரவதையையும் இழிவாக நடத்துவதையும் தடுக்கும் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறிய செயல் என்று தீர்ப்புச் சொன்னது. ஆக, பிரம்பு போய்விட்டது. நான் பிரம்பைத் தொட்டதே இல்லை, அதில் எனக்குப் பெருமையும் உண்டு. பிரம்புக்குப் பதில் பென்சிலை எடுத்தேன். கதைத்தால் எழுது, சிரித்தால் எழுது, கொப்பி கொண்டுவராவிட்டால் எழுது. அடிக்கவில்லையே, அதனால் அது தண்டனை என்றே எனக்குத் தோன்றவில்லை.

தரம் 4இல் ஒரு பையன். வாய் ஓயாது. ஒரு வெள்ளிக்கிழமை, 'நான் இனி வகுப்பில் கதைக்க மாட்டேன்' என்று நூறு தரம் எழுதிவரச் சொன்னேன். திங்கட்கிழமை கொண்டுவந்தான். "மிஸ், ரெண்டு கூடவும் இருக்கு" என்றான், முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்போடு. நான் வரிகளை மட்டும் எண்ணினேன். நூறு தாண்டியிருந்தது. சிவப்புப் பேனையால் ஒரு பெரிய சரி போட்டுக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன்.

மூன்றாம் தவணைப் பரீட்சையில், சுற்றாடல் பற்றி ஐந்து வசனம் எழுதச் சொல்லியிருந்தோம். அவன் எழுதியது: 'நான் கண்ட இடத்தில் குப்பை போட மாட்டேண்.' ஐந்து வசனத்தில் மூன்று இடத்தில் 'மாட்டேண்'. மூன்றையும் வட்டமிட்டுப் புள்ளி குறைத்தேன். விடைத்தாளைப் பார்த்தவன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் அந்தப் பழைய கொப்பியைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தான். "மிஸ், இதுக்கு நீங்க சரி போட்டீங்க."

அப்போதுதான் உண்மையில் அந்தப் பக்கங்களைப் பார்த்தேன். அவன் வரி வரியாக எழுதவே இல்லை. முதலில் 'நான்' என்று பக்கத்தின் அடிவரை, பிறகு அதன் பக்கத்தில் 'இனி', பிறகு 'வகுப்பில்', இப்படித் தூண் தூணாக. வசனம் என்ற ஒன்றை அவன் ஒரு தரம்கூட எழுதவில்லை. கடைசித் தூணில் மேலிருந்து கீழ்வரை 'மாட்டேண்', 'மாட்டேண்', 'மாட்டேண்'. நடுவில் இருபது வரி மட்டும் எழுத்துச் சாய்ந்து, பென்சில் அழுத்தம் குறைந்து, 'மாட்டேன்' என்று சரியாக இருந்தது. அது அம்மாவின் கை. பகலெல்லாம் வேலைக்குப் போய்வந்து, ராத்திரி பிள்ளை தூங்கி விழுவதைப் பார்த்து எழுதிக் கொடுத்திருப்பார். அதற்குக் கீழே மறுபடியும் 'மாட்டேண்'.

ஒரு பிழையை நூறு தரம் எழுத வைத்து, அதற்குச் சரியும் போட்டுக் கொடுத்தது நான். அதை அவன் மறக்க அடுத்த வருடமும் போயிற்று. பெரிய பாடசாலைகளில் இடம் பெற்றுத்தரும் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தமாகும் தரம் 5 பிள்ளைக்கு அந்த வருடம் எவ்வளவு பெறுமதியானது என்று கொழும்பில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

அந்த வார இறுதியில் நானே அந்த வசனத்தை எழுதிப் பார்த்தேன். பத்துத் தரம் எழுத எனக்கு ஐந்து நிமிடம். அப்படியானால் நூறுக்கு ஐம்பது. ஒன்பது வயது விரலுக்கு ஒன்றரை மணித்தியாலமாவது ஆகும். அமெரிக்காவில் பரவலாகச் சொல்லும் ஒரு கணக்கு இருக்கிறது: ஒரு நாள் வீட்டுவேலை, தரத்துக்குப் பத்து நிமிட வீதம். தரம் 1க்குப் பத்து, தரம் 4க்கு நாற்பது, எல்லாப் பாடமும் சேர்த்து. வீட்டுவேலை பற்றி நிறைய ஆராய்ந்த ஹரிஸ் கூப்பரும் அதை ஏற்றுக்கொள்கிறார். சிறு வகுப்புகளில் வீட்டுவேலைக்கும் பரீட்சைப் புள்ளிக்கும் உள்ள தொடர்பு பலவீனமானது என்றும் அவர் காட்டியிருக்கிறார். பாடத்துக்கான வேலையே இவ்வளவுதான் என்றால், பழிவாங்கும் வேலைக்கு எங்கே இடம்?

அதைவிடப் பெரிய நட்டம், எழுதுவது என்றால் தண்டனை என்று பிள்ளை படித்துவிடுவது. காலையில் 'எழுதுவது சந்தோஷமான வேலை' என்கிறோம். மத்தியானம் அதையே தண்டனையாகக் கொடுக்கிறோம். பிள்ளை எதை நம்பும்?

அவன் ஏன் கதைத்தான் என்று நான் கேட்டதே இல்லை. பிறகு கவனித்தேன்: கணக்கை எல்லோருக்கும் முதல் முடித்துவிடுவான், முடித்த பிறகு செய்ய ஒன்றுமில்லை. வாசிப்பு மூலையிலிருந்து ஒரு புத்தகம் எடுக்க அனுமதி கொடுத்ததும் பாதிச் சத்தம் அடங்கிவிட்டது. மீதிப் பாதி அவன் சுபாவம், அதோடு வாழலாம்.

போன கிழமை நம் புதியவர் ஒருவர் இதே தண்டனையைக் கொடுத்ததைப் பார்த்து, ஏன் என்று கேட்டேன். "ஐம்பதுதான் மிஸ், நூறு இல்ல" என்றார். நான் ஸ்டாஃப் ரூமுக்குப் போய் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்துதான் அவரோடு கதைத்தேன்.

தண்ணீரைக் கொட்டினால் துடைக்கட்டும். வரிசையில் தள்ளினால் திரும்பப் போய் நடந்து வரட்டும். மற்றவனின் அழிறப்பரை உடைத்தால் தன்னுடையதைப் பங்கிடட்டும். செய்த பிழைக்கும் கொடுக்கும் வேலைக்கும் தொடர்பு இருந்தால் பிள்ளைக்கே விளங்கும்.

வீட்டில் யார் இருக்கிறார்கள்?

எங்கள் வகுப்பில் தமிழ் மொழிமூலத்தில் படிக்கும் பிள்ளைகளில் சிலரின் பெற்றோர் சிங்களத்தில் படித்தவர்கள். சிலரை அம்மம்மாதான் பார்க்கிறார், அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. கொட்டாஞ்சேனையில் ஒரே அறையில் ஆறு பேர் இருக்கும் வீடும் உண்டு, வெள்ளவத்தையில் தனி மேசை, மின்விசிறி உள்ள அறையும் உண்டு. 'பெற்றோரின் உதவியுடன் மாதிரியுரு செய்து வருக' என்று எழுதினால் பரீட்சிப்பது பெற்றோரைத்தான். றிஜிபோம், கிளிட்டர், வண்ணக் கடதாசி வாங்க முடிந்த வீட்டுக்கு முதலிடம். பிள்ளை தனியாக, வீட்டில் உள்ள பொருளோடு செய்யக்கூடியதைக் கொடுங்கள். ஒருநாள் வீட்டில் உள்ள பாத்திர மூடிகளை எண்ணி, பெரிதிலிருந்து சிறிதாக வரைந்துவரச் சொன்னேன். எல்லோரும் செய்தார்கள், முதன்முறையாக.

செய்து வராதவனை எழுப்பி வகுப்பின் முன் காரணம் கேட்காதீர்கள். உண்மையான காரணத்தை அவன் அங்கே சொல்ல மாட்டான். இடைவேளையில் தனியாகக் கேளுங்கள்.

திருத்தாத வேலை

கொடுக்காதீர்கள்.

ராத்திரி வாட்ஸ்அப்

எட்டரை மணிக்கு 'நாளைக்குக் கொண்டுவரவும்' என்று குழுவில் போட்டால், ஒன்பது மணிக்கு ஒரு தகப்பன் மழையில் திறந்திருக்கும் புத்தகக் கடையைத் தேடி அலைவார். மணி அடிக்கும் முன் கொப்பியில் எழுத வையுங்கள்.

மணி அடித்த பிறகு மறித்து வைப்பது

ஒன்றரை மணிக்கு ஒரு பிள்ளையை மறித்தால், வெளியே வெயிலில் நிற்கும் ஸ்கூல் வானுக்குள் இன்னும் பன்னிரண்டு பிள்ளைகள் அவனுக்காக வேகிறார்கள்.