வெற்றிலையை ஆய்வகத்தில் சோதிப்பது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. புராஜெக்ட் என்றால் வாழைப்பூ, கருப்புக் கவுனி, வெற்றிலை இவற்றில் ஏதாவது ஒன்றைத்தான் பெரும்பாலும் கையில் எடுப்பார்கள். நாம் வெற்றிலையை வைத்துக்கொள்வோம். அதன் சாற்றுக்கு ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறன் எவ்வளவு, புற்றுநோய் செல்களை அது கொல்லுமா என்று பார்ப்பதுதான் வேலை. பாபநாசம், ராஜகிரி கொடிக்கால்களிலிருந்து சந்தைக்கு வருவதையே வாங்கலாம். ஒரே நாள் பறித்த, ஒரே கொடிக்கால் இலையாக இருக்கட்டும். கொழுந்தையும் முற்றலையும் கலக்க வேண்டாம்.

1. உலர்த்துதல்

கழுவித் துடைத்து, வெள்ளைத் துணியில் பரப்பி நிழலில் காய வையுங்கள். வெயில் கூடாது, சூட்டிலும் வெளிச்சத்திலும் சில சேர்மங்கள் சிதைந்துவிடும். கையில் கசக்கினால் இலை நொறுங்க வேண்டும். வெற்றிலையில் பெரும்பகுதி தண்ணீர்தான், அதனால் 100 கிராம் இலையில் 10 முதல் 15 கிராம் பொடி கிடைத்தாலே சரி.

2. சாறு எடுத்தல்

10 கிராம் பொடிக்கு 100 மி.லி. 80 சதவீத மெத்தனால். மூடி, அவ்வப்போது குலுக்கி, ஒரு நாள் ஊற வையுங்கள். வாட்மேன் 1 தாளில் வடிகட்டி, ரோட்டரி எவாப்பரேட்டரில் 40 டிகிரியில் மெத்தனாலை நீக்குங்கள். மெத்தனால் விஷம், எளிதில் தீப்பிடிக்கவும் செய்யும். பக்கத்தில் பர்னர் எரியக் கூடாது. கிடைக்கும் பச்சைப் பிசினை எடை போட்டு, அடர்நிறக் குப்பியில் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

3. டிபிபிஎச் சோதனை

டிபிபிஎச் என்பது கருஊதா நிறத்தில் இருக்கும் ஃப்ரீ ராடிக்கல், அதாவது ஜோடியில்லாத எலெக்ட்ரான் கொண்ட மூலக்கூறு. இப்படிப்பட்ட ராடிக்கல்களை அடக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான் அதற்கு ஹைட்ரஜனையோ எலெக்ட்ரானையோ கொடுத்ததும் ஊதா மங்கி மஞ்சளாகிவிடும். 1958இல் பிளாய்ஸ் என்ற ஆய்வாளர் சொன்ன முறை. இன்றும் இதுதான் புழக்கத்தில் இருக்கிறது.

3.94 மி.கி. டிபிபிஎச்சை 100 மி.லி. மெத்தனாலில் கரைத்தால் 0.1 மில்லிமோலார் கரைசல். ஃபாயில் சுற்றி வையுங்கள், அன்றைக்கே பயன்படுத்துங்கள். சாற்றை மெத்தனாலில் கரைத்து மி.லி.க்கு 20, 40, 80, 160, 320 மைக்ரோகிராம் என ஐந்து அளவில் தயாரியுங்கள். ஒவ்வொன்றிலும் 1 மி.லி. எடுத்து 3 மி.லி. டிபிபிஎச் சேருங்கள். மொத்தம் 4 மி.லி. ஆகிவிடுவதால் குழாயில் உண்மையான செறிவு 5, 10, 20, 40, 80தான். பல ரிப்போர்ட்டுகளில் இந்தக் கணக்கைக் காணோம்!

எல்லாவற்றையும் மும்மூன்று குழாய்களில் செய்யுங்கள். ஒப்பீட்டுக்கான கன்ட்ரோல் குழாயில் சாற்றுக்குப் பதில் வெறும் மெத்தனால். ஒப்பிட, அஸ்கார்பிக் அமிலத்தையும் (வைட்டமின் சி) இதே வரிசையில் வையுங்கள். 30 நிமிடம் இருட்டில் வைத்து, ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் 517 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளவு எடுங்கள்.

இங்கே ஒரு சிக்கல். சாற்றுக்கே நிறம் உண்டு. அதனால் ஒவ்வொரு செறிவுக்கும் டிபிபிஎச் இல்லாமல், சாறும் மெத்தனாலும் மட்டும் சேர்த்த குழாய் ஒன்றை வைத்து, அதன் அளவைக் கழிக்க வேண்டும். கருப்புக் கவுனி எடுத்தவர்கள் இதைத் தவிர்க்கவே முடியாது. அதன் ஆந்தோசயனின் நிறமி 520 நானோமீட்டரை ஒட்டித்தான் ஒளியை உறிஞ்சும். கழிக்காவிட்டால் அரிசியின் திறன் குறைவாகத் தெரியும்.

கணக்கு எளிது. கன்ட்ரோல் 0.850, சாறு 0.340 என்றால் வித்தியாசம் 0.510, அதை 0.850ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 60 சதவீதம். வரைபடம் போட்டு, 50 சதவீதத்துக்கு எவ்வளவு சாறு தேவை என்று பாருங்கள். அதுதான் ஐசி50. குறைவாக இருந்தால் திறன் அதிகம்.

4. புற்றுநோய் செல்களில்

இதைக் கல்லூரி மேசையில் செய்ய முடியாது. செல் கல்ச்சர் வசதியுள்ள ஆய்வகத்தில், பழகியவர் பக்கத்தில் இருக்கச் செய்ய வேண்டும். ஹீலா (கருப்பைவாய்ப் புற்றுநோய்), எம்சிஎஃப்-7 (மார்பகப் புற்றுநோய்) போன்ற செல்களைப் புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து வாங்கலாம். 96 குழித் தட்டில் செல்களை ஒட்டவிட்டு, மறுநாள் சாறு சேர்த்து, 37 டிகிரியில் 5 சதவீத கார்பன் டை ஆக்சைடில் 24 அல்லது 48 மணி நேரம் விட வேண்டும். சாற்றை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்திருந்தால் கன்ட்ரோல் குழிக்கும் அதே அளவு டிஎம்எஸ்ஓ போக வேண்டும். பிறகு, உயிருள்ள செல்கள் ஊதாவாக்கிவிடும் எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தைச் சேர்த்து, 4 மணி நேரம் கழித்து, படிந்த ஊதாப் படிகங்களை டிஎம்எஸ்ஓவில் கரைத்து 570 நானோமீட்டரில் அளப்பார்கள்.

நிறம் இங்கே தலைகீழ். ஊதா என்றால் செல் உயிரோடு இருக்கிறது, மஞ்சளாகவே நின்றால் செத்துவிட்டது. அப்புறம், வெற்றிலைச் சாறு தானே எம்டிடியை ஊதாவாக்கிவிடக்கூடும். செல் இல்லாத குழியில் சாறும் எம்டிடியும் மட்டும் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். சாதாரண செல் ஒன்றையும் கூடவே சோதியுங்கள். எல்லாச் செல்லையும் கொல்லும் சாறு வெறும் நஞ்சாகவும் இருக்கலாம்.

5. ரிப்போர்ட் எழுதும்போது

"வெற்றிலை புற்றுநோயைக் குணப்படுத்தும்" என்று எழுதவே கூடாது. தட்டில் இருப்பது உடம்பு இல்லை. தின்றது குடலையும் கல்லீரலையும் தாண்டி எவ்வளவு ரத்தத்தில் சேர்கிறது என்பதை இந்தச் சோதனை சொல்லாது. அமெரிக்க வேளாண் துறை, உணவுகளின் ஆக்சிஜனேற்றத் தடுப்பு எண்களைப் பட்டியலிட்டிருந்த ஓராக் தரவுத்தளத்தை, எண்கள் விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுவதாகச் சொல்லி 2012இல் எடுத்துவிட்டது. வெற்றிலைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு: பாக்கோடு மெல்லும் வெற்றிலையை, புகையிலை சேர்க்காவிட்டாலும், புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. உங்கள் சோதனை இலையின் மெத்தனால் சாற்றுக்கு மட்டும்தான். தலைப்பிலேயே அப்படிப் போட்டுவிடுங்கள். நேரம் இருந்தால் தண்ணீர்ச் சாற்றையும் இதே முறையில் சோதித்துப் பக்கத்திலேயே இன்னொரு வரிசையாகக் கொடுங்கள், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.