தோட்டத்துக் காற்றில் பூச்சிமருந்தை அளப்பது எப்படி? ஆய்வகத்துக்குப் புதியவர்களுக்கு

மலேசியாவின் தெலுக் இந்தானைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் மருந்து அடித்த அன்று, வாடை அடித்தால் ஜன்னலைச் சாத்துவோம், வாடை போனதும் திறப்போம். ஆனால் அந்த வாடையில் ஒரு பங்கு, மருந்தைக் கரைத்துவைத்த கரைப்பானுடையது. அது அடங்கிய பிறகும் நானோகிராம் அளவில், அதாவது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில், மருந்து காற்றில் இருக்கலாம். லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், குழந்தைகள் சுவாசிப்பது அந்தக் காற்றைத்தான். அதனால்தான் இந்த வேலையைச் சரியாகக் கற்றுக்கொள்ளச் சொல்கிறேன்.

எந்த மருந்து என்று முதலில் கேளுங்கள்

மண்டோரிடம் (தோட்ட மேற்பார்வையாளரிடம்) கேளுங்கள், கேனின் லேபிளைப் படியுங்கள். அளக்கும் முறையே இதைப் பொறுத்துத்தான் மாறும். கிளைபோசேட்டும், மலேசியாவில் 2020-இல் தடையான பாராகுவாட்டும் தண்ணீரில் கரையும் களைக்கொல்லிகள். அவை ஆவியாவதில்லை என்றே சொல்லலாம், துளியாகவும் தூசியாகவும்தான் பறக்கும். அவற்றுக்கு வடிதாளும், கலவையைத் திரவ ஓட்டத்தில் பிரித்து அளக்கும் திரவ நிறப்பகுப்பும் வேண்டும். காண்டாமிருக வண்டுக்கு அடிக்கும் சைபர்மெத்ரின் பெரும்பாலும் துகள்களில் ஒட்டியிருக்கும். குளோர்பைரிஃபாஸ் என்ற பூச்சிமருந்து மெல்ல ஆவியாகும். 2023 மே முதல் இங்கே விவசாயத்துக்கு அது தடை என்றாலும், ஆவியாகும் மருந்துக்கு நல்ல எடுத்துக்காட்டு என்பதால் அதையே வைத்து விளக்குகிறேன்.

காற்றைப் பிடித்தல்

கண்ணாடிக் குழாயின் முன்னால் குவார்ட்ஸ் இழை வடிதாள், அதன் பின்னால் பாலியூரித்தேன் நுரை. துகளை வடிதாள் பிடிக்கும், ஆவியை நுரை பிடிக்கும். நுரையை முன்கூட்டியே கரைப்பானில் கழுவி, உலர்த்தி, அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள்.

பம்பு நிமிடத்துக்கு 1 முதல் 5 லிட்டர் வரை இழுத்தால் போதும். குழாயின் வாய் தரையிலிருந்து 1 முதல் 2 மீட்டர் உயரத்தில், சுவரை ஒட்டாமல், மழை படாமல் இருக்கட்டும். காற்றோட்டத்தைத் தொடக்கத்திலும் முடிவிலும் அளவிடுங்கள். 10 விழுக்காட்டுக்கு மேல் மாறியிருந்தால் அந்த மாதிரியை நம்பாதீர்கள்.

பக்கத்து வீட்டில் கொசுவத்தி எரிகிறதா, டெங்கிக்காகப் புகையடித்தார்களா என்று விசாரித்து எழுதி வையுங்கள். அவற்றிலும் சைபர்மெத்ரினின் உறவுக்கார மருந்துகள் இருக்கலாம்.

இன்னொரு குழாயைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய், காற்று இழுக்காமலே திருப்பிக் கொண்டுவாருங்கள். இதுதான் வெற்று மாதிரி. இதில் மருந்து தென்பட்டால், அது உங்கள் கையிலிருந்தோ பெட்டியிலிருந்தோ வந்தது. நேரமில்லை என்று பலர் விடுவது இதைத்தான். இது இல்லாத முடிவை நான் ஏற்கமாட்டேன்.

மாதிரிகளைக் குளிர்பெட்டியில் 4 டிகிரிக்குக் கீழே கொண்டுவந்து, 7 நாளுக்குள் பிரித்தெடுங்கள்.

பிரித்தெடுத்தல்

முதலில், டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) ஏற்றிய குளோர்பைரிஃபாஸை அளவு தெரிந்து நுரையில் இடுங்கள். கடைசியில் அதில் எவ்வளவு மீண்டு வருகிறது என்பதே உங்கள் கைவேலைக்குச் சாட்சி. 60 முதல் 120 விழுக்காட்டுக்குள் வரவேண்டும். பிறகு 5 விழுக்காடு டைஎத்தில் ஈதர் கலந்த ஹெக்சேனில், கரைப்பானைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டு மருந்தைக் கரைத்தெடுக்கும் சாக்ஸ்லெட் கருவியில் 18 மணி நேரம் வையுங்கள். இரண்டுமே எளிதில் தீப்பிடிப்பவை. புகைபோக்கி அலமாரிக்குள் மட்டுமே செய்யுங்கள், அருகில் நெருப்பு கூடாது. கரைசலை மெல்லிய நைட்ரஜன் ஓட்டத்தில் 1 மில்லிலிட்டராகச் சுருக்குங்கள். முழுக்க வற்றவிட்டால் மருந்தும் போய்விடும்.

கருவியும் கணக்கும்

மருந்தை ஆவியாக்கிப் பிரித்து, அதன் அயனிகளை நிறைப்படி அளப்பது வாயு நிறப்பகுப்பு–நிறைமாலைக் கருவி. அதில் ஐந்து வெவ்வேறு செறிவுள்ள தரக்கரைசல்களை (அளவு தெரிந்த கரைசல்களை) முதலில் ஓட்டி, செறிவுக்கும் கருவி காட்டும் அளவுக்கும் கோடு வரையுங்கள். குளோர்பைரிஃபாஸுக்கு நிறை எண் 197, 314 உள்ள அயனிகளைப் பாருங்கள். வெளிவரும் நேரமும், இந்த இரண்டு அயனிகளின் விகிதமும் தரக்கரைசலோடு ஒத்துப்போனால்தான் அது குளோர்பைரிஃபாஸ்.

நிமிடத்துக்கு 4 லிட்டர் வீதம் 24 மணி நேரம் இழுத்தால் 5,760 லிட்டர், அதாவது 5.76 கன மீட்டர். அந்த 1 மில்லிலிட்டரில் 12 நானோகிராம் கிடைத்ததென்று வைப்போம். 12-ஐ 5.76-ஆல் வகுத்தால், கன மீட்டருக்கு ஏறத்தாழ 2.1 நானோகிராம்.

எதுவும் தென்படவில்லையென்றால் பூஜ்ஜியம் என்று எழுதாதீர்கள். "கண்டறியும் வரம்புக்குக் கீழ்" என்று எழுதி, அந்த வரம்பு எத்தனை நானோகிராம் என்பதையும் குறிப்பிடுங்கள். அதன் பக்கத்திலேயே மருந்து அடித்த நேரம், காற்று வீசிய திசை, வெப்பநிலை, மழை பெய்ததா என்பதும் இருக்கட்டும்.